அரசரின் மூட்டைகள்

நலியாகாவுக்கு மெல்லப் பேசத் தெரியாது. பத்தொன்பது ஆண்டுகள் டீசல் என்ஜினுக்குப் பக்கத்தில் நின்று மக்காச்சோளம் அரைத்தவள் அவள். தன் குரல் எவ்வளவு தூரம் போகிறது என்ற அளவே அவளுக்கு மறந்துவிட்டிருந்தது. கிமிலிலிச் சந்தையின் கடைக்கோடியில் அவளுடைய தகரக் கொட்டகை. அங்கிருந்து அவள் தன் மகள் நஃபூனாவை உப்பு வாங்கி வரச் சொன்னால், முன்கோடியில் உப்பு விற்பவள் அப்போதே பொட்டலம் கட்டத் தொடங்கிவிடுவாள். பாவசங்கீர்த்தனத்துக்கு அவள் வரும் நாளில் பாதிரியார் மற்றவர்களைக் கோயிலுக்கு வெளியே அனுப்பிவிட்டுத்தான் காது கொடுப்பார் என்று ஊரில் ஒரு கேலி உண்டு.

நான் அந்தச் சந்தையை ஒட்டிய பள்ளியில் முப்பத்தொரு ஆண்டுகள் ஆசிரியனாக இருந்து ஓய்வுபெற்றவன். வாரத்துக்கு ஒருமுறை மூன்று டப்பா மக்காச்சோளத்தை எடுத்துக்கொண்டு அவள் கொட்டகைக்குப் போவேன். அரைத்து முடிக்கக் கால் மணி நேரம் போதும்; நான் இரண்டு மணி நேரம் இருப்பேன். வரிசையில் நிற்கும் பெண்களுக்கு ஏதாவதொரு விலங்குக் கதை சொல்வேன். என்ஜின் இரைச்சலில் பாதிக் கதைதான் அவர்கள் காதில் விழும். மீதியை அவர்களே நிரப்பிக்கொள்வார்கள்.

கணவன் இறந்தபோது நலியாகாவுக்கு மிஞ்சியது அந்த அரவை எந்திரம் ஒன்றுதான். நிலம் இருந்தது, ஆனால் பத்திரம் இன்னும் இறந்துபோன மாமனார் பெயரிலேயே இருந்தது. அதை மாற்ற வேண்டுமானால் கணவனின் நான்கு சகோதரர்களும் ஒரே மேசையில் உட்கார வேண்டும். அவர்கள் ஒரே மரத்தடியில்கூட உட்கார்ந்ததில்லை. ஆகவே கையில் பத்திரமில்லாத பெண்ணுக்கு எந்த வங்கியும் கடன் கொடுக்காது என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம், கயெம்பா வரும்வரை.

கயெம்பா சாலையின் மேற்கே இருந்த வங்கியில் கடன் அலுவலர். நலியாகா பிறந்த குலத்துப் பையன். அதனால் அவளை அத்தை என்று அழைப்பான். ஆனால் உறவுக்காக அவன் முதல் கடனைக் கொடுக்கவில்லை. ஒருநாள் முழுவதும் கொட்டகை மூலையில் ஒரு கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். எந்திரத்தின் வாயைச் சுற்றிச் சிதறிய மாவை, ஒவ்வொருவர் தானியமும் அரைத்து முடிந்ததும், அவள் கோழி இறகால் கூட்டி அவரவர் பையிலேயே போட்டாள். மற்ற ஆலைக்காரர்கள் அந்தச் சிதறலைச் சேர்த்து வைத்து மாலையில் விற்றுவிடுவார்கள்.

மாலையில் கயெம்பா என்னிடம் சொன்னான்: "வாத்தியாரே, பத்திரம் இருக்கிறவன் பத்திரத்தைக் காட்டுவான். அத்தை இறகைக் காட்டிட்டாங்க. எனக்கு அது போதும்."

முதல் கடனுக்கு வட்டி ஆண்டுக்கு நூற்றுக்கு இருபத்தேழு. பிறகு சாலையின் கிழக்கே இன்னொரு வங்கி கிளை திறந்தது. அங்கிருந்து சிதுமா என்ற அலுவலர் பரிசுக் குடையோடு அவள் கொட்டகைக்கு நடக்க ஆரம்பித்தார். அவர் இருபத்து மூன்று என்றார். கயெம்பா நாட்காட்டியோடு ஓடிவந்து இருபத்தொன்று என்றான்.

"இந்தச் சந்தையில எனக்கு மட்டுந்தான் ரெண்டு மாப்பிள்ளை," என்று நலியாகா கத்தினாள். அது அவளுக்குச் சாதாரணப் பேச்சு. "ஒருத்தன் குடை குடுக்கிறான், இன்னொருத்தன் நாட்காட்டி குடுக்கிறான். தாலி கட்டத்தான் ரெண்டு பேருக்கும் மனசு வரல."

"ரெண்டு பேரையும் கட்டிக்கோ நஃபூனா அம்மா," என்றாள் வரிசையில் நின்ற ஒருத்தி. "ஒருத்தன் மாவு சுமக்கட்டும், இன்னொருத்தன் மாடு மேய்க்கட்டும்."

அவள் சிதுமாவிடம் போகவில்லை. கயெம்பாவிடமே மூன்று கடன் வாங்கினாள். மூன்றிலும் ஒரு தவணைகூட ஒரு நாள் பிந்தியதில்லை. அந்த வங்கியில் ஒரு வழக்கம் இருந்தது: பழைய கடனைத் தவணைக்கு முன்பே அடைத்தால், அடுத்தது ஒரு படி பெரிதாகக் கிடைக்கும். அடைத்த மறுவாரமே கையில் பணம். அந்தப் படிகளில் ஏறித்தான் சந்தையில் பாதிப் பேர் தள்ளுவண்டியிலிருந்து கடைக்குப் போனார்கள். யாரும் அந்தப் படியைச் சந்தேகித்ததில்லை. தரையை யார் சந்தேகிப்பார்கள்?

இரண்டாயிரத்துப் பதினாறில் அவளுடைய என்ஜின் இருமத் தொடங்கியது. அதற்குள் கொட்டகை வரை மின்கம்பி வந்திருந்தது. புங்கோமாவில் ஒரு மின்மோட்டாரும் புதிய அரவை எந்திரமும் பார்த்து வைத்திருந்தாள். மூன்று லட்சம் ஷில்லிங். அதை நிறுத்துவதற்குக் கொட்டகை நடுவில் முன்கூட்டியே ஒரு சிமெண்ட் மேடையும் போட்டுவிட்டாள். நான்கு மூலையிலும் நான்கு இரும்புத் திருகாணிகள் வானம் பார்த்து நின்றன. அறுவடைக்கு முன் மோட்டார் வந்துவிட வேண்டும். அக்டோபரில்தான் ஊரே மூட்டை மூட்டையாக மக்காச்சோளத்தைக் கொண்டுவரும். அந்த இரண்டு மாத வருமானத்தில்தான் அவளுடைய ஆண்டு ஓடும்.

ஆகஸ்ட் கடைசியில் ஜனாதிபதி அந்தச் சட்டத்தில் கையெழுத்திட்டார். இனி எந்த வங்கியும் மத்திய வங்கி சொல்லும் விகிதத்துக்கு மேல் நான்கு விழுக்காட்டுக்கு அதிகமாக வட்டி வாங்கக் கூடாது. அதாவது பதினான்கு சொச்சம். வானொலியில் செய்தி வந்ததும் சந்தையில் யாரோ ஒருவர் தகரத்தைத் தட்டினார்; பிறகு எல்லோரும் தட்டினார்கள். அன்று நான் நலியாகாவின் கொட்டகையில் ஒரு கதை சொன்னேன். அந்தக் கதைக்காக இன்றும் வருந்துகிறேன்.

ஆற்றங்கரையில் ஒரு நீர்யானை இருந்தது. அக்கரைக்குப் போக வேண்டிய விலங்குகளை முதுகில் ஏற்றிச் சென்றது. மானிடம் ஒரு வாழைத்தார் கூலி வாங்கியது. நொண்டி முயலிடம் மட்டும் மூன்று தார் கேட்டது. "நீ நடுவாற்றில் நழுவுவாய், உன்னைத் தேடி நான் முழுக வேண்டும்" என்று காரணம் சொன்னது. முயல் சிங்கராஜாவிடம் போய் அழுதது. ராஜா பறையறைந்தார்: இனி யாரிடமும் ஒரு தாருக்கு மேல் வாங்கக் கூடாது. காடே ஆடிப் பாடியது.

"அப்புறம்?" என்று ஒருத்தி கேட்டாள்.

"அப்புறமென்ன, எல்லாரும் அக்கரை போய்ச் சேர்ந்தாங்க," என்றேன்.

நலியாகா எந்திரத்தைக்கூட நிறுத்தாமல் சிரித்தாள். "முயலுக்கு ரெண்டு தார் மிச்சம். வாத்தியாரே, அந்த ரெண்டு தாருல நான் ஒரு மோட்டாருக்கு மாலை போடுவேன்."

செப்டம்பர் இரண்டாம் வாரத்தில் கயெம்பா வந்தான். வறுத்த நிலக்கடலையும் பால்விட்ட தேநீருமாக மூவரும் அந்தச் சிமெண்ட் மேடையைச் சுற்றி உட்கார்ந்தோம். அவன் மேடையின் மேல் கடலைத் தோலை வைக்கக்கூட நலியாகா விடவில்லை.

"அத்தை, புதன்கிழமை புதுச் சட்டம் நடைமுறைக்கு வருது. செவ்வாய்க்கிழமைக்குள்ள பழைய கடனை முடிச்சிருங்க. மிச்சம் எண்பத்து நாலாயிரம்தானே? மறுவாரமே மூணு லட்சம், அதுவும் பதினாலு வட்டியில."

"எண்பத்து நாலாயிரம் என்ன, உன் சட்டைப் பையிலயா இருக்கு?"

"உங்க தொழுவத்துல இருக்கு," என்று அவன் சிரித்தான்.

அவள் என்னைப் பார்த்தாள். தொழுவத்தில் இரண்டு கறவை மாடுகள் இருந்தன. நான் கொஞ்சம் யோசித்திருக்கலாம். "மாடு மறுபடியும் வாங்கிக்கலாம்மா. வட்டி குறையிற வருசம் மறுபடியும் வராது," என்றேன்.

திங்கட்கிழமை மாட்டுச் சந்தைக்கு அவற்றை ஓட்டிப் போனோம். மூத்த மாட்டின் கயிற்றை நான்தான் பிடித்திருந்தேன். எழுபதாயிரம் கிடைத்தது. அறுவடைக்கு முன் வாங்கி விற்பதற்காக நான்கைந்து மூட்டை தானியத்துக்கென்று வைத்திருந்த பணத்தையும் அதோடு சேர்த்தாள். செவ்வாய்க்கிழமை மதியம் கயெம்பா அதை எண்ணி வாங்கிக்கொண்டு, முத்திரை குத்திய ரசீதைக் கொடுத்தான். அவள் அந்த ரசீதை அன்று பார்த்தவர்களிடமெல்லாம் காட்டினாள். "பாரு, இந்த ஊர்ல எவனுக்கும் நான் ஒரு சென்ட் பாக்கியில்ல." சந்தை முழுவதும் அதைக் கேட்டது.

மறுவாரம் கயெம்பா வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. மூன்றாம் வாரம் அவள் ஞாயிற்றுக்கிழமைக் கோயில் உடுப்பை அணிந்துகொண்டு வங்கிக்குப் புறப்பட்டாள். துணைக்கு என்னை அழைத்தாள்.

கிளை மேலாளர் முதிசோ நல்ல மனிதர். எழுந்து நின்று கைகொடுத்தார். கயெம்பா தன் மேசையில் எதையோ குனிந்து தேடிக்கொண்டிருந்தான். நாங்கள் அங்கிருந்த நேரம் முழுவதும் அது அவனுக்குக் கிடைக்கவேயில்லை.

"அம்மா, உங்க மேல எனக்கு ஒரு குறையும் இல்ல," என்றார் முதிசோ. "உங்களைப் போல கட்டுறவங்க இந்தக் கிளையில பத்துப் பேர்கூட இல்ல. ஆனா நிலப்பத்திரமோ சம்பளச் சீட்டோ இல்லாதவங்களுக்கு இனிமே கடன் கிடையாதுன்னு தலைமை அலுவலகத்துல சொல்லிட்டாங்க."

"மூணு கடன் குடுத்தீங்களே, அப்பவும் என்கிட்ட பத்திரம் இல்லையே."

"அப்போ வட்டி இருபத்தொன்னு. ஒரு ஆள் வாராவாரம் சந்தைக்கு நடந்து வந்து உங்களைப் பார்க்கிற செலவு, கட்டாம ஓடிப் போறவங்களால வர்ற நட்டம், எல்லாம் அதுல அடங்கும். பதினாலுல அடங்காதும்மா."

"அப்ப அந்தப் பணத்தையெல்லாம் என்ன பண்ணுறீங்க? உப்புப் போட்டு வைக்கிறீங்களா?"

முதிசோ சிரிக்க முயன்றார். "அரசாங்கமே கடன் கேக்குது. அவங்க கடன் பத்திரத்தை வாங்கி வச்சா அதுவும் கிட்டத்தட்ட அதே வட்டி தருது. யாரையும் போய்ப் பார்க்க வேண்டாம். யாரும் ஓடிப் போக மாட்டாங்க."

 பிறகு நலியாகா செய்தது இன்னும் என் கண்முன் நிற்கிறது. நாற்காலியை முன்னே நகர்த்தி, மேசைமேல் குனிந்து, வாயைக் கையால் மறைத்துக்கொண்டு, தன்னால் முடிந்தவரை மெல்லப் பேசினாள்.

"ஐயா, யாருக்கும் தெரிய வேணாம். மூணு லட்சம் வேணாம். நான் கட்டின எண்பத்து நாலாயிரத்தையாவது திருப்பிக் குடுங்க. மாட்டை வித்துட்டேன். என் என்ஜின் இந்த அறுவடையைத் தாங்காது. உங்க காலைப் பிடிச்சுக்கறேன்."

அந்தக் கூடத்தில் இருபத்தைந்து பேராவது வரிசையில் நின்றிருப்பார்கள். காசாளர் பெண் எண்ணிக்கொண்டிருந்த கையை நிறுத்தினாள். வாசற்காவலர் தொப்பியைக் கழற்றினார். யாருக்கும் தெரிய வேண்டாம் என்று அவள் சொன்னதும் சேர்த்து எல்லோர் காதிலும் விழுந்தது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். எல்லா முகங்களும் சட்டென்று வேறு பக்கம் திரும்புவதைக் கண்டாள். அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. அன்று வீடு திரும்பும்வரை அவள் ஒரு சொல்கூடப் பேசவில்லை.

எதிர்ச்சாரி வங்கிக்குத் தனியாகப் போனாள். சிதுமா எழுந்து வந்து, "இப்பத்தான் வழி தெரிஞ்சுதா அம்மா?" என்று கேலியாகத் தொடங்கி, அவள் முகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்திக்கொண்டாராம். அங்கும் அதே பதில். ஐந்து ஆண்டுகள் ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு அவள் வாசலுக்கு ஓடி வந்த இரண்டு வங்கிகளும், ஒரே வாரத்தில் ஒரே மாதிரி கதவைச் சாத்திக்கொண்டன. சட்டத்தை மீறவில்லை, வட்டியும் கூட்டவில்லை. கடன் கொடுப்பதற்கு யாரும் இல்லாத இடத்தில் பதினான்கு விழுக்காடு சுவரில் ஒட்டிய தாளில் பத்திரமாக இருந்தது.

அக்டோபர் இருபதாம் நாள், கொட்டகை வாசலில் அறுபது பேர் காத்திருக்கும்போது, என்ஜின் நின்றது.

அந்தச் சட்டம் எட்டாத ஓர் இடம் இருந்தது: கைப்பேசி. பத்திரமும் கேட்காது, இறகும் பார்க்காது. பொத்தானை நான்கு முறை அழுத்தினால் பணம் வந்துவிடும். மாதத்துக்கே நூற்றுக்குப் பதினைந்து. நஃபூனாதான் அழுத்திக் கொடுத்தாள். இருபதாயிரம் வாங்கி நலியாகா என்ஜினைச் சரிசெய்தாள். பதினோரு நாள் ஓடியது. பன்னிரண்டாம் நாள் அதன் தண்டு முறிந்தது. மக்கள் மூட்டைகளைத் தூக்கிக்கொண்டு அடுத்த ஊர் ஆலைக்குப் போனார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. பிள்ளைகளுக்கு உகாலிக் களி கிண்ட வேண்டுமே.

டிசம்பரில் ஒருநாள் என் கைப்பேசி அடித்தது. முன்பின் தெரியாத ஒரு பெண்குரல், மிக இனிமையாக, "நலியாகா என்பவரைத் தெரியுமா? அவர் எங்களுக்குக் கடன் பாக்கி. கட்டச் சொல்லுங்கள்" என்றது. அவளுடைய கைப்பேசியில் எண் பதிந்திருந்த அத்தனை பேருக்கும் அப்படி அழைப்பு போனது. பாதிரியாருக்குப் போனது. உப்பு விற்பவளுக்குப் போனது. நஃபூனாவை நிச்சயம் பேசியிருந்த வீட்டுக்கும் போனது. அந்த வீட்டார் பிறகு வரவில்லை.

ஜனவரியில் வெபுயேயிலிருந்து ஒருவர் லாரி கொண்டுவந்து அரவை எந்திரத்தைப் பழைய இரும்பு விலைக்கு வாங்கினார். அதைக் கொண்டு கைப்பேசிக் கடனை அடைத்தாள். நாலு பேர் எந்திரத்தைத் தூக்கும்போது வரிசைப் பெண்கள் சிலர் வந்து நின்றார்கள். எப்போதும் நிற்கும் அதே இடத்தில், அதே வரிசையில்.

நலியாகா என் பக்கம் திரும்பினாள். "வாத்தியாரே, அன்னிக்கு என்ஜின் சத்தத்துல உங்க கதையோட பாதி எனக்குக் கேக்கல. இப்ப சத்தம் இல்ல. மீதியை நான் சொல்லட்டுமா?"

நான் தலைகுனிந்தேன்.

"மறுநாள் காலையில முயல் ஒரே ஒரு தாரைத் தலையில வச்சுக்கிட்டு ஆத்தங்கரைக்கு வந்துச்சு. கரையில சிங்கராசாவோட மூட்டைங்க நூறு கிடந்துச்சு. மூட்டைக்கு ஒரு தார்னு ராசாவே கூலி போட்டிருந்தாரு. மூட்டை நழுவாது, அழாது, நடு ஆத்துல பேச்சுக் குடுக்காது. நீர்யானை மூட்டையைத்தான் ஏத்திக்கிச்சு. முயல் இன்னும் கரையிலதான் நிக்குது, வாத்தியாரே. கையில இருந்த தாரும் அழுகிப் போச்சு."

யாரும் சிரிக்கவில்லை. முப்பத்தொரு ஆண்டுகள் நான் சொன்ன கதைகளில் இவ்வளவு சரியாக முடிந்த கதை ஒன்றுகூட இல்லை.

மார்ச்சில் மேற்கு வங்கி தன் கிளையை மூடியது. வேலையிழந்தவர்களில் கயெம்பாவும் ஒருவன். அவன் என் வீட்டுக்கு வந்து, கொடுத்த தேநீரைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே இருந்தான்.

"பத்திரம் இல்லாதவங்களுக்குக் கடன் இல்லன்னு தலைமை அலுவலகத்துலேருந்து அந்தக் காகிதம் திங்கட்கிழமையே வந்துருச்சு, வாத்தியாரே. அத்தை மாட்டை வித்த அன்னிக்கே."

"நீ படிச்சியா?"

"படிக்கல. மடிச்சுப் பையில வச்சுக்கிட்டேன். நிலுவையையெல்லாம் புதன்கிழமைக்குள்ள வசூல் பண்ணச் சொல்லி ஏற்கெனவே நெருக்கிட்டிருந்தாங்க. வசூல் குறையிற ஆளுதான் முதல்ல வெளிய போவான்னும் சொல்லியிருந்தாங்க. அந்தக் காகிதத்துல என்ன இருக்கும்னு மனசுக்குத் தெரியும். படிச்சிட்டா அத்தை கையிலேருந்து வாங்க முடியாது. வாங்கினதுக்கப்புறம் படிச்சேன்."

 அவனைத் திட்டுவதற்கு எனக்கு வாய் வரவில்லை. அவன் காகிதத்தைப் பிரிக்காமல் வைத்திருந்தான். நான் கதையை முடிக்காமல் வைத்திருந்தேன். இருவரும் சேர்ந்துதான் அந்த மாடுகளை ஓட்டிப் போனோம்.

"அத்தைகிட்ட சொன்னியா?"

"போனேன். நான் வாயைத் திறக்கிறதுக்கு முன்னாடியே, 'சாப்பிட்டியா'ன்னு கேட்டாங்க. அப்புறம் என்னால சொல்ல முடியல."

மூன்று ஆண்டுகள் கழித்து அந்த உச்சவரம்பை நீக்கினார்கள். சிறு வியாபாரிகளுக்குக் கடனே போகாமல் நின்றுவிட்டது என்று வானொலியில் யார் யாரோ விளக்கினார்கள். இந்த முறை சந்தையில் யாரும் தகரம் தட்டவில்லை.

நலியாகாவின் தகரக் கொட்டகையும் அதற்குள் விற்றுப்போயிருந்தது. சிமெண்ட் மேடையை மட்டும் யாராலும் பெயர்த்துப் போக முடியவில்லை. அவள் அதன்மேல் ஒரு சாக்கை விரித்து உட்கார்ந்து, சுட்ட மக்காச்சோளக் கதிர் விற்றாள். நான்கு திருகாணிகளில் ஒன்றில் குடை கட்டியிருந்தது. கிழக்கு வங்கி கொடுத்த குடை. என்ஜின் போன பிறகு அவள் குரல் மாதத்துக்கு மாதம் தணிந்துகொண்டே வந்தது. கதிர் விலை கேட்பவர்கள் இப்போது குனிந்துதான் கேட்க வேண்டியிருந்தது.

உச்சவரம்பு நீங்கிய பின் வந்த ஜனவரியில் ஒரு காலையில் நான் போனபோது கைப்பேசியை என்னிடம் நீட்டினாள். கண்ணாடி இல்லை, படித்துச் சொல்லுங்கள் என்று சைகை காட்டினாள். கிளையை மூடிப் போன அதே மேற்கு வங்கியிலிருந்து வந்த செய்தி. நான் படிக்கத் தொடங்கினேன். "மதிப்புக்குரிய நலியாகா, மூன்று கடன்களையும் ஒரு நாளும் தவறாமல் செலுத்திய தங்களுக்கு மூன்று லட்சம் ஷில்லிங் வரை கடன் பெறும் தகுதி..."

அவள் என் மணிக்கட்டைத் தொட்டாள். பக்கத்தில் பழம் விற்பவளையும், எதிரே நின்ற மோட்டார் சைக்கிள்காரர்களையும் ஒரு முறை பார்த்துக்கொண்டாள்.

"மெல்லப் படிங்க, வாத்தியாரே," என்றாள். "எல்லாருக்கும் கேக்குது."